புது லேப்டாப் உபயம் வேண்டாம், பழசைக் கொண்டு வாங்க

ஓம் சரவணபவ.

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா கடைசி வரைக்கும் படிச்சிடுங்க. இது நிர்வாகத்தின் அறிவிப்பு இல்லை. சீட்டு கவுண்டரிலும் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பிலும் தொண்டு செய்யிற நாங்க நாலு பேர் கலந்து பேசி எழுதுற எங்க சொந்தக் கருத்து. தப்பு இருந்தா எங்களைத் திட்டுங்க, நிர்வாகத்தைத் திட்டாதீங்க.

போன மாசக் கூட்டத்துல ஒரு யோசனை வந்துச்சு. வகுப்பில் இருக்கிற ஆறு லேப்டாப்பும் ஓடலை, பிள்ளைங்களுக்குப் புதுசா ஆறு வாங்கணும், ஒன்னு 1,800 வெள்ளி, மொத்தம் 10,800 வெள்ளி, உபயகாரர்களைக் கேட்போம்னு பேசினாங்க. நல்ல மனசோட வந்த யோசனைதான். ஆனா நாங்க எழுந்து நின்னு வேண்டாம்னு சொன்னோம். பின்வரிசையில இருந்த ஒரு அங்கிளுக்குக் கோபம் வந்துடுச்சு. "பிள்ளைங்களுக்குச் செய்யிறதையும் தடுக்கிறீங்களா? நம்ம பிள்ளைங்களுக்கு எப்பவும் அடுத்தவங்க போட்ட பழசுதானா?"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்வி. அந்தக் கூட்டத்துல எங்களால ஒழுங்கா பதில் சொல்ல முடியலை. அதனாலதான் இந்தப் பதிவு.

முதல்ல எங்க தப்பைச் சொல்லிடுறோம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, தைப்பூசத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. காலையில கவுண்டர் லேப்டாப்பைத் திறந்தா ஒரு ஃபைலும் திறக்கலை. எல்லா ஃபைல் பேருக்குப் பின்னாலயும் புரியாத எழுத்து. திரையில பணம் கேட்டு ஒரு கடிதம். மூணு வருஷ உபயப் பட்டியல், குடும்பத்தார் பேர், நட்சத்திரம், போன் நம்பர் எல்லாம் அதுக்குள்ளதான். வேற பிரதி எங்கேயும் எடுத்து வைக்கலை.

எப்படி வந்துச்சு? விண்டோஸுக்குக் காசு கொடுக்காம, இணையத்தில் கிடைச்ச 'கிராக்'கைப் போட்டு ஓட்டினது நாங்க. அந்தக் கிராக் வேலை செய்யணும்னு வைரஸ் தடுப்பை நிறுத்தி வச்சதும் நாங்க. வீட்டுக் கதவைத் திறந்து வச்சிட்டுத் திருடனைத் திட்ட முடியாது.

ரசீதுப் புத்தக அடிக்கட்டைகளைப் பரப்பி வச்சுக்கிட்டு ரெண்டு ராத்திரி உட்கார்ந்து பட்டியலைத் திரும்ப எழுதினோம். அப்படியும் சில பேர் விட்டுப்போச்சு. வருஷா வருஷம் மறைந்த கணவர் பேர்ல காலைப் பூசைக்கு உபயம் கொடுக்கிற ஒரு பாட்டி அன்னைக்கு வந்து உட்கார்ந்திருந்தாங்க. சங்கல்பத்துல அந்தப் பேர் வரலை. பூசை முடிஞ்சதும் கவுண்டருக்கு வந்து, "எங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லலையேப்பா"ன்னு மட்டும் கேட்டாங்க. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை.

அன்னைக்கு ரெண்டு விஷயம் எங்களுக்குப் புரிஞ்சது. ஒன்னு, சாமி முன்னாடி நேர்மையைப் பேசிட்டு, கவுண்டர்ல திருட்டு மென்பொருள் ஓட்டக் கூடாது. நம்ம நாட்டில் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி மென்பொருளுக்கும் சேர்த்துத்தான். இன்னொன்னு, லேப்டாப் புதுசா பழசாங்கிறது பெரிய விஷயமே இல்லை. அதுக்குள்ள என்ன ஓடுது, அதை யார் கவனிக்கிறாங்க என்பதுதான் விஷயம். அந்தக் கவுண்டர் லேப்டாப் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலை!

சரி, பழைய லேப்டாப் ஏன் ஓட மாட்டேங்குது? பெரும்பாலும் மெஷின் கெட்டுப்போறதில்லை. 2013, 2014-ல் வாங்கினதுல 4 ஜிபி ரேம் இருக்கும், உள்ளே சுத்துற பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கும். விண்டோஸ் பின்னால ஆயிரம் வேலை பார்க்கும். அப்டேட் இறக்கும், டிஸ்க்கைத் துழாவும், வைரஸ் தேடும். ஹார்ட் டிஸ்க் மூச்சு வாங்கும். நாம ஒரு தேவாரப் பாட்டைத் திறக்கிறதுக்குள்ள வகுப்பே முடிஞ்சிடும்.

இப்போ இன்னொரு சிக்கல். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிடுச்சு. வீட்டுப் பயனர்களுக்கு அதுக்கப்புறம் ஒரு வருஷம் பாதுகாப்பு அப்டேட் பெற ஒரு வழி வச்சாங்க, ஆனா அது தள்ளிப்போடுறதுதான். விண்டோஸ் 11 போடலாம்னா அதுக்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேணும், இன்டெல் மெஷினா இருந்தா பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதுக்கு மேலயோ வேணும். அதாவது 2017 கடைசிக்கு முந்தி வந்ததுல கிட்டத்தட்ட எல்லாமே வெளியே. நல்லா ஓடுற மெஷின்கூட ஒரு தேதி வந்ததும் குப்பைன்னு ஆகிடுது.

நம்ம தாமான்ல பல வீட்டு அலமாரிக்குள்ள இப்படி ஒன்னு ரெண்டு தூங்குது. ஒரு நாள் 'சூராட் காபார் லாமா' லோரி மைக்குல கத்திக்கிட்டு வரும்போது, பழைய பேப்பரோட சேர்த்துத் தூக்கிக் கொடுத்திடுறோம். ஐக்கிய நாடுகள் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட 2024-ஆம் ஆண்டு மின்கழிவு அறிக்கை, 2022-ல் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்கழிவு சேர்த்ததாகவும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடுதான் என்றும் சொல்லுது.

இதுக்கு நாங்க பிடிச்ச வழி லினக்ஸ். பேரைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். உங்க கையில இருக்கிறது ஆண்ட்ராய்டு போனா? அதன் அடியில ஓடுறதும் லினக்ஸ்தான். 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் 'குனூ' திட்டத்தை அறிவித்தார். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி எழுதியிருக்குன்னு பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம் என்பதுதான் அதன் கொள்கை. 1991-ல் பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை எழுதத் தொடங்கினார். இன்னைக்கு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவங்க அதுல வேலை செய்யிறாங்க. பல பேர் சம்பளத்துக்கு, சில பேர் தொண்டா. நாம எடுத்துப் போடுறது திருட்டு இல்லை. "எடுத்துக்கோ, மத்தவங்களுக்கும் கொடு"ன்னு எழுதியே வச்சிருக்காங்க.

அதில் பல வகை இருக்கு. 4 ஜிபி ரேம் இருந்தா லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போதும். பார்க்கப் பழைய விண்டோஸ் மாதிரியே கீழே ஒரு பட்டை, மூலையில மெனு, அதனால பெரியவங்களுக்கும் பழக சுலபம். இன்னும் லேசா வேணும்னா லுபுண்டு. 2 ஜிபியோ அதுக்குக் கீழேயோ இருந்தா ஆன்டிஎக்ஸ். இது எதுவுமே காசு இல்லை. இப்போ மின்ட் 22 வரிசைக்கு 2029 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும்.

கூட்டம் முடிஞ்சதும் நிர்வாகத்திடம் ரெண்டு வாரம் தவணை கேட்டோம். தலைவர் ஐயா சரின்னாரு. படிவம் இரண்டு, மூன்று படிக்கிற வகுப்புப் பிள்ளைங்க அஞ்சு பேரையும் கூட உட்கார வச்சுக்கிட்டோம். அன்னதான மண்டபத்து மேசையில பேப்பரை விரிச்சு, ஆறு லேப்டாப்பையும் திறந்தோம். ஒன்னுல பேட்டரி உப்பி, டச்பேட் மேல எழும்பி இருந்துச்சு. தாய்ப்பலகையும் போயிருந்தது. அதை ஒதுக்கிட்டோம், அதுல இருந்த ரேமை மட்டும் வேற ஒன்னுக்கு எடுத்துக்கிட்டோம். மத்த அஞ்சையும் பிழைக்க வச்சாச்சு.

செலவுக் கணக்கு இதோ. பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா எஸ்எஸ்டி அஞ்சு, ஒன்னு 90 வெள்ளி, மொத்தம் 450. பழைய ரேம் மூணு, ஒன்னு 35, மொத்தம் 105. சார்ஜர் ஒன்னு 40. நாணய பேட்டரி ரெண்டு 6. ஆக மொத்தம் 601 வெள்ளி. ரசீது பொருளாளரிடம் இருக்கு, யார் வேணும்னாலும் பார்க்கலாம்.

பழைய லேப்டாப்புக்கு ஒரே ஒரு செலவுதான் செய்யலாம்னா எஸ்எஸ்டி போடுங்க. முன்னே அஞ்சு நிமிஷம் எடுத்தது, இப்போ முக்கால் நிமிஷத்துல திறக்குது.

போடுறதும் பெரிய வித்தையில்லை. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்னு போதும். வேற கணினியில மின்ட்டை இறக்கி, எட்சர் மாதிரி ஒரு செயலி வழியா பென்டிரைவ்ல எழுதணும். லேப்டாப்பை ஆன் பண்ணும்போது எஃப்12 அல்லது எஃப்9, பிராண்டைப் பொறுத்து வேற சாவி, அதைத் தட்டினா எதிலிருந்து தொடங்கட்டும்னு கேட்கும். பென்டிரைவைக் காட்டினா, லேப்டாப்ல எதையும் அழிக்காம அப்படியே ஓடிப் பார்க்கலாம். வைஃபை வருதா, சத்தம் வருதா, பிரிண்டர் பிடிக்குதான்னு சோதிச்சிட்டு அப்புறம் முடிவு செய்யலாம். அவசரப்பட்டு 'இன்ஸ்டால்' தட்டாதீங்க, தட்டினா பழைய ஃபைல் எல்லாம் போயிடும். முதல்ல பிரதி.

சோதனையும் வராம இல்லை. ஒரு லேப்டாப்ல எல்லாம் சரி, ஆனா எந்த இணையப் பக்கமும் திறக்கலை, பாதுகாப்பு இல்லைன்னே சொல்லுது. ஒரு மணி நேரம் மண்டையைக் குழப்பிக்கிட்டோம். கடைசியில படிவம் இரண்டு பிள்ளை ஒன்னு, "அக்கா, மூலையில தேதி 2012-ன்னு இருக்கு"ன்னுச்சு. உள்ளே கடிகாரத்துக்குன்னு இருக்கிற நாணய பேட்டரி செத்துப்போச்சு. தேதி தப்பா இருந்தா இணையப் பக்கங்களோட பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாதுன்னு பிரவுசர் நினைச்சுக்கும். மூணு வெள்ளி பேட்டரி, வேலை முடிஞ்சது. இன்னொன்னுல வைஃபை சிப்புக்கு டிரைவர் இல்லை. டிரைவர் இறக்க இணையம் வேணும், இணையத்துக்கு டிரைவர் வேணும்! கைப்பேசியைக் கேபிள்ல மாட்டி அதோட இணையத்தைக் கொடுத்து இறக்கினோம்.

தமிழ் வருமான்னு நிறைய பேர் கேட்டீங்க. நல்லாவே வருது. விசைப்பலகை அமைப்புல தமிழ்நெட் 99 உள்ளேயே இருக்கு, தேர்ந்தெடுத்தா போதும். ஆங்கில எழுத்தை ஒலிப்படி தட்டிப் பழகினவங்களுக்கும் தனியா ஒன்னு சேர்த்துக்கலாம். ஆலயத்துப் பழைய அழைப்பிதழ் எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டினது. அந்த எழுத்துருவை லினக்ஸ்லயும் போட்டா அப்படியே தெரியுது. ஆனா புதுசா தட்டுறதை யூனிகோட்ல தட்டுங்க. அதுதான் இன்னும் இருபது வருஷம் கழிச்சும் எந்தக் கணினியிலும் படிக்க வரும்.

இப்போ அந்த அங்கிள் கேட்ட கேள்விக்கு வர்றோம். நம்ம பிள்ளைங்களுக்கு எப்பவும் பழசுதானா?

அங்கிள், உங்க வலி எங்களுக்குப் புரியுது. நாங்களும் தோட்டத்துல அண்ணன் சட்டையைப் போட்டு வளர்ந்தவங்கதான். 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தப்போ, ஒரே கைப்பேசியில மூணு பிள்ளைங்க மாறி மாறிப் படிச்ச வீடுகளையும் பார்த்திருக்கோம். அப்போ சில பேர் அன்பா கொடுத்த பழைய லேப்டாப் ஆன்கூட ஆகலை. ஓடாத சாமானைக் கொடுத்துட்டு 'தானம்'னு சொல்றது அவமானம்தான். அதுல உங்களோட நாங்களும் சேர்ந்து கோபப்படுறோம்.

ஆனா சுத்தம் பண்ணி, பாகம் மாத்தி, சோதிச்சு, ஒழுங்கா ஓடுற ஒன்னைக் கொடுக்கிறது வேற. அதைவிடப் பெரிசு, அதைத் திறந்து சரி பண்ணினது அந்தப் பிள்ளைங்களே. புது லேப்டாப் கொடுத்திருந்தா அட்டைப் பெட்டியைத் திறந்து ஆன் பண்ணியிருப்பாங்க, அவ்வளவுதான். இப்போ ரேம் எங்கே இருக்கு, எஸ்எஸ்டி எப்படி மாத்தணும், தேதி தப்பானா என்ன ஆகும்னு தெரியும். அடுத்த முறை யாராவது "இது செத்துப்போச்சு, புதுசு வாங்கு"ன்னு சொன்னா, அப்படியே நம்ப மாட்டாங்க. அப்பர் சுவாமி கையில உழவாரப் படையை வச்சுக்கிட்டுக் கோயில் கோயிலா புல் செதுக்கினதை வகுப்புல கதையா சொல்றோம். கையால செய்யிற தொண்டு என்னன்னு அந்த ரெண்டு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைங்களுக்குப் பழகிச்சு.

எல்லாத்துக்கும் லினக்ஸ்தான்னு நாங்க சொல்லலை. பொருளாளரோட கணக்கு மென்பொருள் விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும். அந்த மெஷினை அப்படியே விட்டுட்டோம், ஆனா காசு கொடுத்து வாங்கின உரிமத்தோட. கல்லூரியில வரைகலை, பொறியியல் படிக்கிற பிள்ளைக்குக் குறிப்பிட்ட மென்பொருள் தேவைப்படலாம். அந்தப் பிள்ளைக்குப் புது லேப்டாப் வாங்க உபயம் கேட்டா, முதல் ஆளா நாங்க கையெழுத்துப் போடுறோம். மத்தபடி பள்ளிப் பிள்ளைங்களுக்குக் கல்வியமைச்சின் டெலிமா தளம் பிரவுசர்லயே திறக்கும். வேர்ட், எக்செல் ஃபைல்களை லிப்ரே ஆபிஸ் திறக்கும். சில நேரம் பக்க அமைப்பு கொஞ்சம் நகரும், அதைச் சரி பார்த்துத்தான் அனுப்பணும். 2 ஜிபி மெஷின்ல பிரவுசர்ல பத்து பக்கம் திறந்து வச்சா லினக்ஸும் திணறும். இயங்குதளம் லேசா இருக்கலாம், இணையம் லேசா இல்லை.

இன்னொரு கேள்வி செயலாளர் அக்கா கேட்டது. "நீங்க நாலு பேரும் நாளைக்கு வேற ஊருக்குப் போயிட்டா இதை யார் பார்க்கிறது?" எங்களைப் பொறுத்தவரை இதுதான் சரியான கேள்வி. ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்ச வேலை கோயிலுக்கு ஆபத்து. அதனால எந்த மெஷினையும் குறைஞ்சது ரெண்டு பேர் கத்துக்கணும்னு வச்சிருக்கோம். ஒரு 555 நோட்டுப் புத்தகத்துல ஒவ்வொரு லேப்டாப்புக்கும் என்ன போட்டோம், எப்போ அப்டேட் செய்தோம்னு தமிழ்ல எழுதி கவுண்டர் அலமாரியில வச்சாச்சு. கடவுச்சொல் மட்டும் அதுல இல்லை, அதை உறை ஒட்டி தலைவர் ஐயாகிட்ட கொடுத்திருக்கோம். லினக்ஸ் போட்டா வைரஸே வராதுன்னு யாரும் நினைக்க வேண்டாம். அப்டேட் செய்யாம விட்டா அதுவும் திறந்த கதவுதான்.

உபயப் பட்டியல் இப்போ மூணு இடத்துல இருக்கு. கவுண்டர் லேப்டாப்ல ஒன்னு, வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் எடுக்கிற பென்டிரைவ்ல ஒன்னு, மாசம் ஒரு தடவை அச்செடுத்த தாள் ஒன்னு. அந்தப் பாட்டியோட வீட்டுக்காரர் பேரும் நட்சத்திரமும் மூணுலயும் இருக்கு.

அதனால எங்க கோரிக்கை இதுதான். அந்த 10,800 வெள்ளியை லேப்டாப்புக்குன்னு கேட்க வேண்டாம். உபயகாரர்கள் வியர்வை சிந்திச் சம்பாதிச்ச காசு அது. வகுப்புக்குப் புத்தகம், ஆசிரியருக்குப் போக்குவரத்துச் செலவு, மண்டபத்துக் கூரை ஒழுகல்னு உண்மையான தேவை வரிசையில நிக்குது. லேப்டாப்புக்கு உங்க வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்க. கொண்டு வரும்போது இதை மட்டும் கவனிங்க:

1. 4 ஜிபி ரேமும் அதுக்கு மேலயும் இருந்தா நல்லது. 2 ஜிபி இருந்தாலும் கொண்டு வாங்க, பார்ப்போம். திரை உடைஞ்சிருந்தா முதல்ல போட்டோ அனுப்புங்க.

2. சார்ஜரையும் சேர்த்துக் கொண்டு வாங்க. சார்ஜர் தேடி அலையிறதுதான் எங்களுக்குப் பெரிய வேலையா இருக்கு.

3. உங்க படம், ஆவணம் எல்லாத்தையும் பிரதி எடுத்துக்கிட்டு, மின்னஞ்சல் கணக்குல இருந்து வெளியேறிடுங்க. டிஸ்க்கை நாங்க உங்க கண் முன்னாடியே முழுசா அழிக்கிறோம். மனசு வரலைன்னா டிஸ்க்கைக் கழட்டி நீங்களே வச்சுக்கலாம்.

4. ஆபிஸ் லேப்டாப்பா இருந்தா, கம்பெனி அனுமதியோட, தொடக்கக் கடவுச்சொல்லை நீக்கிக் கொண்டு வாங்க. அது பூட்டியிருந்தா எங்களால ஒன்னும் செய்ய முடியாது.

5. பேட்டரி உப்பியிருந்தா சார்ஜ் போடாதீங்க, குத்தாதீங்க, அழுத்தாதீங்க. தீப்பிடிக்கும். ஆலயத்துக்கும் கொண்டு வர வேண்டாம், மின்கழிவு சேகரிக்கிற இடத்துல கொடுங்க. நம்ம நாட்டில் மின்கழிவு 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி எஸ்டபிள்யூ 110 என்ற குறியீட்டில் வரும் கழிவு. வீட்டுக் குப்பையோட போட வேண்டியது இல்லை.

காசு கொடுக்க முடியாதவங்க நேரம் கொடுங்க. மாசத்துல ரெண்டாவது ஞாயிற்றுக்கிழமை, சமய வகுப்பு முடிஞ்சு சாப்பாடு ஆனதும் அன்னதான மண்டபத்துல உட்கார்றோம். கணினி தெரியணும்னு அவசியம் இல்லை. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிஞ்சா போதும், கூடவே ஒரு பிள்ளையைக் கூட்டிட்டு வந்தா இன்னும் நல்லது. கூட்டத்துல கேள்வி கேட்ட அங்கிளுக்குத் தனியா அழைப்பு. வந்து பாருங்க, அப்பவும் புதுசுதான் வேணும்னு தோணினா அடுத்த கூட்டத்துல நேரா சொல்லுங்க, நாங்க கேட்டுக்கிறோம்.

உங்க தாமான் புலனக் குழுவுல இதைப் பகிர்ந்து விடுங்க. கேள்வி இருந்தா கவுண்டர்ல கேளுங்க, வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள்ல ஒருத்தர் கண்டிப்பா இருப்போம்.

முருகன் துணை.

அன்புடன்,
கவுண்டர், சமய வகுப்புத் தொண்டர்கள்